வரைபடத்தில் இல்லாத துளைகள்: கப்பல் கட்டுமான நிறுவனத்தின் மேலாண்மையினருக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைக் குழுவினருக்கு,

தங்கள் நிறுவனத்தின் கட்டமைப்பு வரைவுப் பிரிவுக்கும் தளத்தில் பணிபுரியும் ஒப்பந்ததாரர்களுக்கும் சென்ற மாதம் அனுப்பப்பட்ட சுற்றறிக்கை குறித்து இந்த மடலை எழுதுகிறேன். அது மூன்று மாற்றங்களை நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. குழாய்களும் மின்கம்பிகளும் செல்வதற்காக 150 மி.மீ. விட்டத்துக்கு உட்பட்ட துளைகளை வெட்டக் கட்டமைப்புப் பிரிவின் கையொப்பம் இனித் தேவையில்லை, தள மேற்பார்வையாளரே அனுமதிக்கலாம் என்கிறது. தகட்டின் எடையைக் குறைக்க வடிவமைப்பிலேயே இடப்பட்ட எடைகுறைப்புத் துளைகளைத் தேவைக்கேற்பப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்கிறது. பேலஸ்ட் தொட்டிகளுக்கு (கப்பலைச் சமநிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) வெளியே இருக்கும் துளைகளின் விளிம்புகளைத் தேய்த்துச் சீராக்க வேண்டியதில்லை என்கிறது. மூன்றுக்கும் ஒரே நியாயம்தான் சொல்லப்பட்டிருக்கிறது: துளை எடையைக் குறைக்கிறது, எடை குறைவது கப்பலுக்கு நல்லது, ஆகவே சிறு துளைகளால் தீங்கில்லை.

நான் தங்கள் சென்னை வடிவமைப்பு அலுவலகத்தில் கட்டமைப்பு வரைபடங்களைச் சரிபார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் இளம் வயதில் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்புக் கூடம் ஒன்றில் தகடு வேலை கற்றவன். சுற்றறிக்கை கிடைத்ததும் என் மறுப்பை விளக்கமாக எழுதி அனுப்பினேன். ‘தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. இந்த முடிவின் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் தங்கள் அலுவலகத்தில் இல்லை. அந்தக் கப்பல்களில் ஏறிக் கடலுக்குப் போகிறவர்களும், அவற்றின் தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களும்தான் அவர்கள். ஆகவே பொதுவில் எழுதுகிறேன். தங்கள் நடைமுறையைப் பார்த்து இதே நகரத்தின் சிறு பட்டறைகளும் இதையே பின்பற்றத் தொடங்கும் என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

எடையைக் குறைப்பதற்கு நான் எதிரானவன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் தொழில் வாழ்க்கையின் பெரும் பகுதி அந்த முயற்சியிலேயே கழிந்தது. 1906-இல் ஜோசப் இஷர்வுட் காப்புரிமை பெற்ற நீளவாக்குச் சட்டக முறை, கப்பலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களின் திசையை மாற்றியே எஃகின் எடையைக் குறைத்தது. உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தங்கள் போர்க்கப்பல்களுக்கு எடை வரம்பு விதித்தபோது, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவிட் அடிப்பதற்குப் பதிலாகப் பற்றவைத்து எடையை மிச்சப்படுத்தினார்கள். நம் நாட்டில் 2017-இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கில்டானின் மேற்கட்டு கார்பன் இழைக் கலப்புப் பொருளால் ஆனது. இவை ஒவ்வொன்றிலும் எடை எங்கே குறைகிறது, அங்கே குறைந்ததால் விசை எந்த வழியாகப் போகும் என்பதைக் கணக்கிட்ட பிறகே பொருளை எடுத்தார்கள். தங்கள் சுற்றறிக்கை அந்தக் கணக்கீட்டை விலக்கிவிட்டு, பொருளை எடுக்கும் அதிகாரத்தை மட்டும் கைமாற்றுகிறது.

கப்பலின் இரட்டை அடித்தளத்தில் குறுக்கே நிற்கும் ஃப்ளோர் தகடுகளையும் நீளவாக்கில் ஓடும் கர்டர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மேல் விளிம்பு உள்தளத் தகட்டோடும், கீழ் விளிம்பு அடித்தகட்டோடும் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. வளைவை எதிர்க்கும் வேலையில் பெரும் பங்கு அந்த மேல், கீழ்த் தகடுகளுடையது. நடு உயரத்தில், வளையும்போது நீளவும் சுருங்கவும் செய்யாத நடுநிலை அச்சுக்கு அருகில், வளைவுத் தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) மிகக் குறைவு. அதனால்தான் அங்கே துளையிட முடிகிறது. 600 மி.மீ. நீளமும் 400 மி.மீ. உயரமும் கொண்ட, இரு முனைகளும் அரைவட்டமான ஒரு துளை, 10 மி.மீ. தகட்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோ எஃகை நீக்குகிறது. அத்தகைய துளைகள் ஆயிரம் இருந்தால் 16 டன். இது சிறிய ஆதாயமன்று. ஆனால் அதே நடு உயரத்தில்தான் வெட்டுவிசை, அதாவது தகட்டின் பகுதிகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நழுவச் செய்யும் விசை, மிகுதியாக இருக்கிறது என்பதைச் சுற்றறிக்கையை எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். வளைவுக்கு வேண்டாத பொருள் வெட்டுவிசைக்கு வேண்டும். பரவலான சுமையைத் தாங்கும் கர்டரில் வெட்டுவிசை நடுவில் குறைந்து, முனைகளில், அதாவது குறுக்குச் சுவர்களோடும், மூலைகளைத் தாங்கும் முக்கோணத் தகடுகளான பிராக்கெட்டுகளோடும் சேரும் இடங்களில், உச்சத்தை அடைகிறது. தூண்களுக்கு நேர்கீழேயும் எஞ்சின் இருக்கைக்கு அடியிலும் அப்படித்தான். கப்பல் உலர்துறையில் கட்டைகள் மேல் அமரும்போது அந்தக் கட்டைகளுக்கு மேலே உள்ள ஃப்ளோர்களிலும் அதே நிலைதான். இந்த இடங்களில் துளை வேண்டாம் என்பது வரைவாளரின் விருப்பு வெறுப்பன்று. துளையின் உயரம் தகட்டின் உயரத்தில் பாதியைத் தாண்டினால் சுற்றிலும் வலுவூட்ட வேண்டும் என்று, கப்பலின் கட்டுமானத் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனங்களின் விதிகள் பொதுவாகக் கோருவதும் இதனால்தான்.

150 மி.மீ. துளை தன்னளவில் சிறியதாக இருக்கலாம். அது எங்கே விழுகிறது என்பதே கேள்வி. சுற்றறிக்கையில் அளவுக்கு வரம்பு இருக்கிறது. இடத்துக்கு வரம்பு இல்லை. ஏற்கெனவே உள்ள எடைகுறைப்புத் துளைக்கும் புதிய குழாய்த் துளைக்கும் இடையே எவ்வளவு தகடு மிஞ்ச வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிராக்கெட்டின் நுனியிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஒரே தகட்டில் மூன்று துளைகள் ஒரே வரிசையில் வந்தால் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பது யார் பொறுப்பு என்பதும் இல்லை.

இழுவிசைக்கு உட்பட்ட அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காக உயர்கிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே காட்டினார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் 1913-இல் நீள்வட்டத் துளைகளுக்கு அந்தக் கணக்கை விரிவாக்கி, கப்பல் பொறியாளர்களின் அவையிலேயே அதை வாசித்தார். அகலத்தைப் போல இரு மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளை, விசை செல்லும் திசையில் படுத்திருந்தால் விளிம்புத் தகைவு இரண்டு மடங்கு; அதே துளை விசைக்குக் குறுக்கே நின்றால் ஐந்து மடங்கு. நீக்கப்பட்ட எஃகின் எடை இரண்டிலும் ஒன்றுதான். எடையை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். குழாய் மேலேறிப் போக இடம் போதவில்லை என்று படுத்திருக்கும் துளையை மேல்நோக்கி நீட்டி வெட்டும் தொழிலாளிக்கும் அப்படித்தான் தோன்றும். ஏனெனில், வேறுபாட்டை அவருக்குச் சொல்லித்தர வேண்டிய கையொப்பத்தைத் தாங்கள் நீக்கிவிட்டீர்கள்.

வெட்டின் தரமும் இதில் அடங்கியிருக்கிறது. பட்டறையில் கணினி இயக்கும் பிளாஸ்மா வெட்டியில் உருவாகும் விளிம்பும், தொட்டிக்குள் குனிந்து ஒரு கையில் விளக்கும் மறு கையில் கேஸ் கட்டரும் பிடித்து வெட்டும் விளிம்பும் ஒன்றாக இருக்க முடியாது. பின்னதில் பற்களைப் போன்ற சிறு வெட்டுக்காயங்கள் இருக்கும். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போட்டுவிட்டுக் கையாலேயே நேராகக் கிழித்துத் தருவார்கள். வெட்டில்லாத ஓரத்தை எவ்வளவு இழுத்தாலும் அந்தத் துணி கிழியாது. அலைகளின் மேல் ஏறி இறங்கும் கப்பலின் தகடு, தன் ஆயுள் முழுவதும் கோடிக்கணக்கான முறை அப்படி இழுக்கப்படுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காகக் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு கப்பலின் பேலஸ்ட் தொட்டிக்குள் நீர்க்கசிவின் காரணம் தேட என்னை அழைத்தார்கள். எந்தத் தளத்தில் கட்டப்பட்டது என்பது இங்கே வேண்டாம். தொட்டியின் உள்ளே ஒரு கர்டரில், வரைபடத்தில் காட்டப்பட்டிருந்த எடைகுறைப்புத் துளைக்குப் பக்கத்தில், வரைபடத்தில் இல்லாத இன்னொரு துளை இருந்தது. அதன் வழியே ஒரு குழாய் போயிற்று. இரண்டுக்கும் நடுவே மிஞ்சியிருந்த தகடு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. புதிய துளையின் கீழ்ப்பக்கம், கேஸ் கட்டர் ஒரு கணம் நின்று தொடர்ந்த இடத்தில், ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து கிளம்பிய விரிசல் பிராக்கெட்டின் நுனி வரைக்கும் போய், அங்கிருந்து பற்றவைப்பைப் பிளந்துகொண்டு கீழ்த் தகட்டை எட்டியிருந்தது. துருவின் நிறத்தைப் பார்த்தால் அது நேற்று வந்த விரிசலன்று என்பது தெரிந்தது. அந்தத் துளைக்கு அனுமதி கேட்ட தாளோ, கொடுத்த தாளோ எங்கும் கிடைக்கவில்லை. அதன் விட்டம் தங்கள் சுற்றறிக்கையின் வரம்புக்குள் தாராளமாக அடங்கியிருக்கும்.

அதைச் சரிசெய்ய என்னென்ன செய்ய நேர்ந்தது என்பதையும் மேலாண்மையினர் அறிய வேண்டும். தொட்டியைக் காலிசெய்து, காற்றோட்டம் கொடுத்து, உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா, தீப்பற்றும் வாயு இல்லையா என்று சோதித்துச் சான்று பெற வேண்டியிருந்தது. பக்கத்துத் தொட்டியின் வண்ணப்பூச்சு எரியாமல் இருக்க அங்கேயும் காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. குழாயைக் கழற்றி, விரிசல் ஓடிய தகட்டை வெட்டி எடுத்து, மூலைகளை வளைத்துப் புதிய தகட்டைப் பொருத்திப் பற்றவைத்து, மீயொலியால் சோதித்து, மறுபடி வண்ணம் பூசிய பிறகே வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயர் ஒப்பினார். கட்டும்போது அந்த ஒரு துளைக்கு ஒரு வரைவாளரின் அரை மணி நேரம் போதுமானதாக இருந்திருக்கும்.

எடை குறைகிறது என்ற வாதத்தையே எடுத்துப் பார்ப்போம். 8 மி.மீ. தகட்டில் 200 மி.மீ. விட்டமுள்ள துளை நீக்கும் எஃகு ஏறத்தாழ 2 கிலோ. தவறான இடத்தில் வெட்டப்பட்ட அந்தத் துளையைச் சுற்றி, 400 மி.மீ. வெளிவிட்டமுள்ள அதே கனத் தகட்டு வளையம் ஒன்றை வலுவூட்டலாக ஒட்டச் சொன்னால் அதன் எடை ஏறத்தாழ 6 கிலோ. இதில் பற்றவைப்பு உலோகத்தை நான் சேர்க்கவில்லை. இரண்டை எடுத்து ஆறைச் சேர்ப்பதை எடைகுறைப்பு என்று எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது. நான் பணியில் இருந்த காலத்தில் எடைக் கணக்கு வைத்திருந்த சகபணியாளர்களுக்குத் தெரியும்: கட்டி முடித்த கப்பலின் எடை மதிப்பீட்டைத் தாண்டுவதற்கு இப்படித் தளத்தில் ஒட்டப்படும் வளையங்களும் ஒட்டுத்தகடுகளும் ஒரு முக்கியக் காரணம், அவை எதிலும் வரைபட எண் இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பலில் எடை எவ்வளவு குறைகிறது என்பதோடு, எந்த உயரத்தில் குறைகிறது என்பதும் சேர்ந்ததே கணக்கு. மேற்கட்டில் ஒரு டன் குறைந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து கப்பலின் நிலைப்புத்தன்மை கூடுகிறது. அடித்தளத்தில் ஒரு டன் குறைந்தால் ஈர்ப்பு மையம் உயர்கிறது. வடிவமைப்பாளர் இரண்டையும் சமன்செய்துதான் எடைகுறைப்புத் துளைகளை இடுகிறார். குழாய்களும் மின்கம்பிகளும் நெருக்கியடிப்பது பெரும்பாலும் அடித்தளத்திலும் எஞ்சின் அறையிலும்தான். ‘எடை குறைவது கப்பலுக்கு நல்லது’ என்று பொத்தாம்பொதுவாகச் சுற்றறிக்கையில் எழுதப்பட்டிருப்பது, எடைகுறைப்பைப் பற்றிய அடிப்படைப் புரிதலே இல்லாத வாசகம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

மீனம்பாக்கத்தில் நான் கற்ற முதல் பாடம் வேறு விதமானது. விமானத்தின் இறக்கை விலாக்களிலும் எடைகுறைப்புத் துளைகள் உண்டு. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும். அதில் வெறும் துளை இட்டால் விளிம்பு நெளிந்துவிடும் என்பதால், அச்சில் அழுத்தித் துளையின் விளிம்பைச் சுற்றிலும் மடித்துவிடுவார்கள். அப்படி மடித்த துளையுள்ள தகடு, எடை குறைந்த பிறகும் நெளியாமல் நிற்கிறது. மிக மெல்லிய தகட்டுக் கர்டர் நெளிந்த பிறகும் மூலைவிட்ட இழுவிசையால் சுமை தாங்க முடியும் என்பதை ஹெர்பர்ட் வாக்னர் 1929-இல் கணக்கிட்டு வெளியிட்டார். விமானங்கள் அவ்வளவு இலேசாக இருக்க முடிந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆனால் அந்த மூலைவிட்ட இழுவிசை ஓடும் வழியில் ஒருவர் நினைத்தபடி ஒரு துளை இட்டால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும். ஆகவே அந்தக் கூடத்தில் ஒரு பென்சில் அளவுத் துளைக்குக்கூடக் கட்டமைப்புப் பழுதுநீக்கக் கையேட்டின் பக்க எண்ணும் உரிமம் பெற்ற பொறியாளரின் கையொப்பமும் வேண்டும். ரிவிட்டின் மையம் தகட்டின் விளிம்பிலிருந்து அதன் விட்டத்தைப் போல இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். துளையிட்ட பின் பிசிறு நீக்காமல் யாரும் அடுத்த வேலைக்குப் போக முடியாது. பயிற்சியாளனாக இருந்த எனக்கு அது கெடுபிடியாகத் தோன்றியதில்லை. ஏன் என்று மூத்தவர்கள் ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லித்தான் கற்றுத்தந்தார்கள்.

அந்தக் காரணங்களுக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட் விமானங்கள் வானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. 56 பேர் இறந்தார்கள். முதல் விமானத்தின் உடலில் விரிசல் தொடங்கிய இடம், கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டப்பட்டிருந்த திறப்பின் மூலைக்கு அருகிலிருந்த ஒரு துளை என்று விசாரணை கண்டது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-இன் முன்பகுதிக் கூரை பிய்ந்து போயிற்று. ரிவிட் துளைகளிலிருந்து கிளம்பிய சிறு சிறு விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததே அதற்குக் காரணம், உப்புக் காற்றும் ஈரமும் அதற்குத் துணைபோயின. சென்னையில் வாழும் நமக்கு உப்புக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கப்பலின் எஃகு விமானத்தின் அலுமினியத்தைப் போல மெல்லியதன்று, பிழையைப் பொறுத்துக்கொள்ளும் என்று தங்கள் பொறியாளர்கள் சொல்லக்கூடும். ஓரளவுக்கு அது உண்மை. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்ட லிபர்ட்டி கப்பல்கள் காட்டின. அவற்றின் சரக்கறைத் திறப்புகள் கூரிய செங்கோண மூலைகளோடு வெட்டப்பட்டிருந்தன. குளிர்ந்த கடலில் நொறுங்கும் தன்மையடைந்த எஃகில், அந்த மூலைகளிலிருந்து கிளம்பிய விரிசல்கள் பற்றவைத்த தளத்தில் தடையின்றி ஓடின, சில கப்பல்கள் இரண்டாகவே உடைந்தன. மூலைகளை வளைத்து வலுவூட்டிய பின்னர் விரிசல்கள் வெகுவாகக் குறைந்தன. எண்பது ஆண்டுகளுக்கு முன் மற்றவர்கள் கற்ற பாடத்தை நாம் நம் கப்பல்களில் மறுபடி கற்க வேண்டிய அவசியம் இல்லை.

விளிம்புகளைத் தேய்க்க வேண்டாம் என்ற பிரிவு எனக்குப் பெரிதும் வருத்தம் தந்தது. பேலஸ்ட் தொட்டிகளின் பூச்சுக்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2006-இல் ஏற்ற தரவிதி, விளிம்புகளைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும் அல்லது மூன்று முறை தேய்க்க வேண்டும் என்கிறது. அதன் நோக்கம், பூச்சு 15 ஆண்டுகளாவது நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது. கூரிய விளிம்பிலிருந்து ஈரமான வண்ணம் பின்வாங்கி மெலிந்துவிடும். துரு எப்போதும் அங்கிருந்தே தொடங்கும். தாங்கள் இந்த விதியின் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விதி கட்டாயமாக்காத இடங்களிலெல்லாம் தேய்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். எதுவும் நிரப்பாமல் விடப்படும் வெற்றறைகளிலும் எஞ்சின் அறையின் அடிப்பகுதியிலும் ஈரம் இல்லையா? அந்த விளிம்புகளில் கை வைத்து, முழங்கால் ஊன்றி ஊர்ந்து போகிறவர்களின் உள்ளங்கைகளைத் தாங்கள் பார்த்ததுண்டா? எடைகுறைப்புத் துளை அவர்களுக்கு வாசலாகவும் இருக்கிறது. எண்ணெய்க் கப்பல்களிலும் மொத்தச் சரக்குக் கப்பல்களிலும் நிலைகுத்தான தகடுகளில் ஆள் கடந்துபோகும் திறப்பு 600-க்கு 800 மி.மீ.-ஆவது இருக்க வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸ் வைத்திருப்பது, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டிய நாளையும் எண்ணித்தான். அந்தத் துளைகளின் வழியாகவே குழாய்களையும் கம்பிக் கட்டுகளையும் கொண்டுபோய் அடைத்துவிடும் பழக்கம் இப்போதே இருக்கிறது. தங்கள் சுற்றறிக்கை அதற்கு அனுமதியும் வழங்கிவிட்டது.

சிறு துளைகளையும் மறந்துவிட வேண்டாம். தகடுகள் சேரும் மூலைகளில், ராட் ஹோல் (எலித் துளை) என்று தளத்தில் அழைக்கப்படும் அரைவட்ட வெட்டுகள் தண்ணீர் வடிவதற்கும் காற்று வெளியேறுவதற்கும் பற்றவைப்பு தடைபடாமல் ஓடுவதற்கும் உதவுகின்றன. அவற்றில் கம்பியை நுழைப்பதற்காகப் பெரிதாக வெட்டிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதிக விசை குவியும் மூலை அதுதான்.

இவ்வளவையும் சொல்லும்போது பழி தொழிலாளிகளின் மேல் விழக் கூடாது. ஒப்பந்தத்தில் வரும் குழாய்ப் பொருத்துநர்களையும் கேஸ் கட்டர் பிடித்து வெட்டுகிறவர்களையும் நான் அறிவேன். மே மாத வெயிலில் பிளாக்கின் (பிறகு கப்பலாக இணைக்கப்படும் பெரிய கட்டுமானத் துண்டு) உள்ளே நிற்கவே முடியாத வெப்பத்தில் அவர்கள் வேலை செய்கிறார்கள். குழாய் வந்து இறங்கிவிட்டது, தகட்டில் வழியில்லை, மாலைக்குள் பொருத்த வேண்டும் என்று சொன்னால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? நாளைக்கு விரிசல் வந்தால், ‘தள மேற்பார்வையாளர் அனுமதித்தார்’ என்று தாங்கள் கைகாட்டப் போவதும் அவர்களில் ஒருவரைத்தான். விரிசலின் கணக்கைப் படித்த பொறியாளர் அலுவலகத்தில் இருக்க, அதைப் படிக்க வாய்ப்பே கிடைக்காதவரின் தோளில் பொறுப்பை ஏற்றுவது நியாயமன்று.

தளத்தில் வெட்டப்படும் துளைகள் எங்கிருந்து வருகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். குழாய் வரைபடமும் மின்கம்பித் தட்டுகளின் வரைபடமும் காலந்தாழ்ந்து வருகின்றன. அதற்குள் எஃகுத் தகடுகள் வெட்டப்பட்டு பிளாக்குகள் உருவாகிவிடுகின்றன. பம்பு விற்கிறவர் தன் அளவுகளைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறார். குழாயின் பாதை மாறுகிறது. தகட்டில் துளை வேறு இடத்தில் இருக்கிறது. சரியான நேரத்தில் தெரிந்திருந்தால், பட்டறையில் சீரான விளிம்போடு, தக்க இடத்தில், ஏற்கெனவே உள்ள எடைகுறைப்புத் துளையையே சற்று நகர்த்தி அந்த வழியைத் தந்திருப்போம். அதற்குக் கூடுதல் செலவில்லை, கூடுதல் எடையும் இல்லை. ஆக, தாங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல் வரைபடங்களின் கால அட்டவணையில் இருக்கிறது. கட்டமைப்புப் பிரிவின் கையொப்பத்துக்காகத் தளத்தில் நாள்கணக்கில் காத்திருக்க நேர்கிறது என்ற குறையும் உண்மையே, அதை நான் மறுக்கவில்லை. அதற்குக் காரணம், துளை விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்று யாரையும் அமர்த்தாமல், ஏற்கெனவே நாலு வேலை இருக்கிறவரின் மேசையில் அவற்றைக் குவிப்பதுதான். ஆளில்லாத இடத்தில் ஆளை அமர்த்துவதற்குப் பதிலாக அந்த மேசையையே எடுத்துவிட்டீர்கள்.

குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் படித்துவிட்டுத் தங்கள் அலுவலகத்தில் சேரும் இளம் பொறியாளர்களை நினைத்தும் கவலைப்படுகிறேன். கணினியின் முப்பரிமாண மாதிரியில் சொடுக்கினால் துளை வந்துவிடுகிறது. அந்தத் துளை ஏன் அங்கே என்று கேட்கும் பழக்கம், விண்ணப்பத்தைப் படித்து மறுத்தோ திருத்தியோ எழுதும்போதுதான் அவர்களுக்கு வளர்ந்தது. எனக்கும் அப்படித்தான் வளர்ந்தது. அந்தப் பயிற்சிக்களத்தையும் இந்தச் சுற்றறிக்கை மூடிவிடுகிறது.

ஆகவே, பின்வருவனவற்றைத் தங்களிடம் கோருகிறேன்.

சுற்றறிக்கையின் மூன்று பிரிவுகளையும் உடனே நிறுத்திவைத்து, வலிமைக்குரிய எந்தத் தகட்டிலும், அளவு எதுவாயினும், கட்டமைப்புப் பிரிவின் எழுத்து வடிவ ஒப்புதல் இன்றித் துளையிடுவதோ, இருக்கும் துளையைப் பெரிதாக்குவதோ கூடாது என்ற பழைய விதியை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க, தளத்திலேயே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை ஒவ்வொரு பணிமுறைக்கும் அமர்த்தி, விண்ணப்பங்களுக்கு அன்றைக்கே பதில் தரும் அதிகாரத்தை அவருக்கு வழங்க வேண்டும்.

சுற்றறிக்கை வெளியான நாளிலிருந்து இன்றுவரை அதன்படி வெட்டப்பட்ட துளைகள் அனைத்தையும், வண்ணம் பூசி மூடுவதற்கு முன், கட்டமைப்புப் பிரிவும் வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயரும் நேரில் பார்த்து, அவற்றின் இடத்தையும் அளவையும் கட்டி முடித்த வரைபடங்களில் பதிய வேண்டும். இக்கோரிக்கைகளுள் காலம் தாழ்த்தவே கூடாதது இதுதான்; தொட்டிகள் மூடப்பட்ட பிறகு இது இயலாது.

துளைகளின் விளிம்புகளைத் தேய்த்து உருட்டும் வேலையைத் தொட்டி, வெற்றறை, எஞ்சின் அறை என்ற வேறுபாடின்றி எல்லா இடங்களுக்கும் கட்டாயமாக்கி, அதற்கான கூலியை ஒப்பந்தத்தில் தனி இனமாகச் சேர்க்க வேண்டும். கூலி ஒதுக்காமல் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. ஆள் கடக்கும் திறப்புகளைக் குழாய்க்கோ கம்பிக்கோ பயன்படுத்துவதைத் தடைசெய்ய வேண்டும்.

குழாய், மின் வரைபடங்கள் முடிவடையாத பிளாக்கின் தகடுகளை வெட்ட அனுப்பக் கூடாது என்ற விதியைத் திட்ட அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். கேஸ் கட்டர் பிடிக்கிறவர்களுக்கும் பொருத்துநர்களுக்கும், எங்கே வெட்டக் கூடாது, ஏன் வெட்டக் கூடாது என்பதைத் தமிழிலும், அவர்கள் பேசும் பிற மொழிகளிலும், படங்களோடு விளக்கும் பயிற்சியை நடத்த வேண்டும். அதை நடத்த ஆள் வேண்டுமென்றால் ஊதியம் எதுவும் பெறாமல் வரத் தயாராக இருக்கிறேன்.

இக்கோரிக்கைகளுக்குக் காரணங்களோடு கூடிய எழுத்து வடிவப் பதிலை முப்பது நாள்களுக்குள் தருமாறும், அந்தப் பதிலைத் தளத்தின் அறிவிப்புப் பலகையில் தொழிலாளர்கள் படிக்கும்படி ஒட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், சுற்றறிக்கையின் நகலை இந்த மடலோடு இணைத்து வகைப்பாட்டு நிறுவனத்துக்கும் கப்பல்களுக்குப் பணம் கட்டியிருக்கும் உரிமையாளர்களுக்கும் அனுப்புவேன்.

இவண்,
ஓய்வுபெற்ற கட்டமைப்பு வரைவாளர்,
சென்னை